அகதி, புலி, அப்பாவி: ஒரு சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

1

2025 மார்ச் 15 அன்று அமெரிக்க அரசு 238 வெனிசுவேலர்களை விமானங்களில் ஏற்றி எல் சால்வடோர் நாட்டின் ‘செகோட்’ என்னும் பெருஞ்சிறைக்கு அனுப்பியது. ‘ட்ரென் டி அராகுவா’ என்ற குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்கள் இவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர்மீது 1798ஆம் ஆண்டின் போர்க்காலச் சட்டம் ஒன்று, எதிரி நாட்டு அந்நியர் சட்டம், தூசு தட்டி எடுத்து ஏவப்பட்டது. கும்பல்காரன் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்கென ஒரு படிவம் இருந்தது, பின்னால் நீதிமன்ற ஆவணமாக அது வெளியே வந்தது. கும்பலுக்குரியதாகக் கருதப்படும் பச்சை குத்தியிருந்தால் 4 புள்ளி. கும்பலுக்குரிய சின்னமோ உடையோ தரித்திருந்தால் இன்னொரு 4 புள்ளி. 8 புள்ளி சேர்ந்தால் ஆள் ‘உறுப்பினர்’. பிடிபட்டவர்களில் ஒருவர் ஒப்பனைக் கலைஞர். அவரது மணிக்கட்டுகளில் இருந்த கிரீடங்களுக்குப் பக்கத்தில் அம்மா, அப்பா என்று எழுதியிருந்தது. அந்தக் கிரீடமே சாட்சியம்.

இவர்களில் பெரும்பாலோர்மீது அமெரிக்காவில் எந்தக் குற்றத் தீர்ப்பும் இல்லை என்பதைப் பத்திரிகையாளர்கள் தேடி எடுத்து எழுதினார்கள். 2025 ஜூலை 18இல் நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் 252 வெனிசுவேலர்கள் அச்சிறையிலிருந்து தங்கள் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் உலகம் முழுக்க ஒரு கேள்வி நின்றுவிட்டது: ‘தப்பாக் குற்றம் சாட்டிட்டாங்களா?’

ஆம் என்பதுதான் பதில். ஆனால் என் அக்கறை அந்தக் கேள்வியின்மீது. இவர்கள் தவறாகச் சேர்க்கப்பட்டார்கள் என்று சொல்லும்போதே, சரியாகச் சேர்க்கப்படக்கூடியவர்கள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்பதை நாம் ஒப்புக்கொண்டு விடுகிறோம். படிவம் தப்பில்லை, நிரப்பிய கைதான் தப்பு என்று ஆகிவிடுகிறது. விருதுநகரில் உட்கார்ந்து இச்செய்தியைப் படிக்கிற ஒருவருக்கு இது வெளிநாட்டுச் சமாச்சாரமாகத் தோன்ற நியாயமில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே குல்லூர்சந்தை இருக்கிறது, அங்கே ஈழத்து அகதிகள் முகாம் இருக்கிறது. முப்பது வருஷங்களுக்கு முன்பு தமிழகத்து முகாம்களிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிய கதையை, நாம் அதை மறந்த முறையோடு சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

2

சம்பவங்களை முதலில் வரிசைப்படுத்திக் கொள்வோம். 1990 ஜூன் 19 அன்று சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 மே 14இல் இந்தியாவில் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. இவற்றில் எதையும் மழுப்ப வேண்டிய அவசியம் எனக்கில்லை. புலிகள் கொன்றவர்களில் தமிழர்கள் ஏராளம். முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களில் சிலர் இராணுவத்துக்கு அஞ்சியதைப் போலவே புலிகளுக்கும் அஞ்சி வந்தவர்கள்.

1991 மேக்குப் பிறகு தமிழகத்தில் நடந்தது வேறு. ‘புலி’ என்ற சொல் ஓர் இயக்கத்தின் பெயராக இருந்ததிலிருந்து நழுவி, ஒரு பேச்சுவழக்கைக் குறிக்கும் சொல்லாக ஆயிற்று. ‘கதைக்கிறது’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் டீக்கடையில் தலைகள் திரும்பும். வாடகைக்கு வீடு கேட்டால், ‘சிலோன்காரங்களுக்கு இல்லைங்க’. அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிகளில் ஒதுக்கப்பட்டிருந்த இடங்கள் நின்றுபோயின. முகாம்களில் கியூ பிராஞ்ச் போலீசின் கண் நிரந்தரமாயிற்று. ‘செக்கிங்’ அன்றைக்கு வரிசையில் ஆள் இல்லையென்றால் பெயர் வெட்டப்படும், பெயர் போனால் பணக்கொடை போகும், அரிசி போகும்.

அதிகாரம் இரண்டு வழிகளில் வேலை செய்தது. சந்தேகப்பட்டவர்களுக்குச் சிறப்பு முகாம். வேலூர்க் கோட்டையிலும் பிற இடங்களிலும் 1946ஆம் ஆண்டு அந்நியர் சட்டத்தின்கீழ் நடந்த இந்த முகாம்களில் இருந்தவர்கள் சட்டப்படி கைதிகள் அல்லர், ஆனால் வெளியே போக முடியாது. மற்றவர்களுக்குக் கப்பல். 1992 ஜனவரியில் தொடங்கி 1995 மார்ச் வரை சுமார் 54 ஆயிரம் பேர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அந்த வருஷங்களில் அங்கே போர் நடந்துகொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு வழிகளிலும் அரசு யாரையும் குற்றம் சாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். சிறப்பு முகாமில் இருப்பவர் ‘தங்க வைக்கப்பட்டிருப்பவர்’. கப்பலேறுபவர் ‘தாமாக விரும்பிச் செல்பவர்’. குற்றச்சாட்டு என்றால் அதற்குச் சில உறுப்புகள் உண்டு: சாட்டுபவர், செயல், தேதி, இடம், கேட்கும் நீதிபதி. இவை இருந்தால் மறுக்கலாம். ‘நீ புலி’ என்பதில் இவை எதுவும் இல்லை. அது ஒரு பெயர்ச்சொல் மட்டுமே, வினைச்சொல் அதில் கிடையாது. செய்ததாகச் சொன்னால் செய்யவில்லை என்று நிரூபிக்க வழி தேடலாம். இருப்பதாகச் சொன்னால் எதை நிரூபிப்பது?

வினைச்சொல்லோடு, அதாவது முறையான குற்றச்சாட்டோடு நடந்த ஒரு வழக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகச் செல்லுபடியாகும் தடாச் சட்டத்தின்கீழ் நடந்த வழக்கு அது. வழக்கறிஞர்களும் சாட்சிகளும் மேல்முறையீடும் இருந்த இடத்திலேயே 26 பேரில் 19 பேர். இவை ஒன்றுமே இல்லாத இடத்தில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு தாள்கூட இல்லை.

3

கப்பலேறியவர்களிடம் கையெழுத்து வாங்கப்பட்ட விருப்பப் படிவத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். இலக்கிய விமர்சனத்தில் ‘நான்’ என்கிற கதைசொல்லியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆசிரியர் வேறு, கதைசொல்லி வேறு என்று கூட்டம் கூட்டமாக விவாதித்திருக்கிறோம். இந்தப் படிவத்தில் பேசும் ‘நான்’ யார்? ஊர் திரும்பச் சம்மதிக்கும் அந்த ‘நான்’ எழுதப்பட்ட மொழி ஆங்கிலம். கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்கு அம்மொழி வாசிக்கத் தெரியாது என்பது அப்போதே எழுந்த புகார். மறுத்தால் பணமும் அரிசியும் நிற்கும் என்று மிரட்டினார்கள் என்பது இன்னொரு புகார். பேசுகிறவரின் பெயர் அகதி, எழுதியவரின் பெயர் அரசு.

தெருவில் போலீஸ்காரர் கூப்பிட, திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்திலேயே ஒருவர் அதிகாரத்தின் தன்னிலையாகி விடுகிறார் என்று அல்துஸ்ஸர் சொன்னதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். முகாமில் நடந்தது அதைவிட நுட்பமானது. இங்கே அரசு கூப்பிடவில்லை. அகதியின் வாயில் புகுந்துகொண்டு, அகதியே தன்னைக் கூப்பிட்டுக்கொள்வதாக எழுதிக்கொண்டது.

இதை எதிர்த்து பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விருப்பம் உண்மையானதுதானா என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் சோதிக்கட்டும், போக விரும்பாதவர்கள் முகாம்களிலேயே இருக்கட்டும் என்பது அவர்கள் கேட்டது. ஆணையம் அந்த வேலையில் இறங்கிவிட்ட நிலையில், சம்மதம் தானாக வந்ததா இல்லையா என்பதை நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்று 1992 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஆணையத்தார் முகாம்களுக்குள் அனுமதிக்கப்படவில்லை. புறப்படும் இடத்தில் வைத்துத்தான் அவர்களால் அகதிகளைப் பார்க்க முடிந்தது. சாமான் செட்டுகளைக் கட்டி, முகாம் பதிவைக் கைவிட்டு, பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறவரிடம் ‘நெசமாவே போறீங்களா?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? அந்தப் பதிலுக்குப் பெயர் ‘விருப்பம்’.

4

அரசின் பிரதியை இவ்வளவு கறாராக வாசிக்கிறவர்கள் எதிர்ப்பின் பிரதியையும் அதே கறாரோடு வாசிக்க வேண்டும். அக்காலத்திய மனித உரிமைத் துண்டறிக்கைகள், கண்டனக் கூட்டங்கள், தலையங்கங்கள் எல்லாவற்றிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: ‘அப்பாவி அகதிகள்’. இன்றைக்கும் வருகிறது. நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். ஆனால் அது செய்கிற வேலை என்ன?

தமிழில் அப்பாவி என்றால் குற்றம் செய்யாதவர் மட்டும் அல்லர். விவரம் தெரியாதவர், சூதுவாது அறியாதவர், ஒரு வம்புதும்புக்கும் போகாதவர். ‘அவன் பாவம், அப்பாவி, ஒண்ணும் தெரியாது’ என்கிறோம். ஆக, ஓர் அகதி நம் ஆதரவைப் பெற வேண்டுமானால் அவருக்கு அரசியல் இருக்கக் கூடாது. இயக்கத்துக்குப் போன அண்ணன் இருக்கக் கூடாது. பசித்து வந்த பொடியன்களுக்குச் சோறு போட்டிருக்கக் கூடாது. 1980களின் யாழ்ப்பாணத்தில், வன்னியில், மட்டக்களப்பில் இப்படி ஒரு குடும்பத்தைத் தேடினால் எத்தனை கிடைக்கும்? அரசின் படிவத்தில் 8 புள்ளி எடுத்தால் புலி. எதிர்ப்பாளர் கையிலும் ஒரு படிவம் இருக்கிறது, அதில் பூஜ்யம் எடுத்தால்தான் அகதி. நடுவில் நிற்கிறவரை இரண்டு பேருமே கைவிடுகிறார்கள்.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு. 1983க்குப் பிறகு ஈழ இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது இந்திய அரசு. தமிழகத்தில் இயக்கங்களின் முகாம்கள் வெளிப்படையாகவே நடந்தன, முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். புலிகளுக்குப் பணம் கொடுத்தார். 1986இல் ஓர் இளைஞர் ‘நான் இயக்கம்’ என்று சொன்னால் பந்தியில் இலை போட்டார்கள். 1991இல் அதே இளைஞர் அதையே சொன்னால் சிறப்பு முகாம். ஆள் மாறவில்லை, ஐந்து வருஷத்தில் சொல்லுக்கு உரிய விலை மாறியது. இப்படி விலை ஏறி இறங்குகிற ஒன்றைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? குற்றம் என்பது செயலில் இருக்க வேண்டும்.

‘அப்படின்னா கொலை செஞ்சவனையும் விட்டுரணுமா?’ என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. செயல் இருந்தால் அதற்கு வழக்கு உண்டு, தேதி உண்டு, சாட்சி உண்டு, மறுக்கும் உரிமை உண்டு. வழக்கு நடத்துங்கள். வழக்குப் போட ஒன்றுமில்லாத இடத்தில்தான் ‘உறுப்பினர்’ என்ற சொல் தேவைப்படுகிறது.

வழக்கு முடிந்த பிறகும் அந்தச் சொல் ஆளை விடுவதில்லை. ராஜீவ் வழக்கில் மிஞ்சியிருந்தவர்களை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்தது. அவர்களில் இலங்கையைச் சேர்ந்த நான்கு பேர் சிறையிலிருந்து வெளியே வந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். அந்த முகாம் இருப்பது மத்தியச் சிறை வளாகத்தில். ஊர் திரும்ப அனுமதி கேட்டுக் காத்திருந்த சாந்தன் 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் 2024 ஏப்ரல் 3 அன்று இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை செய்த பிறகும் ஒருவரை ஒரு வருஷத்துக்கு மேல் அடைத்து வைக்கலாம் என்றால், அடைப்பது தண்டனைக்காக என்று எப்படி நம்புவது? சிறப்பு முகாமுக்கு எதிரான குரல்கள் தமிழகத்தில் இருந்திருக்கின்றன, ஆனால் மெலிதாக. அங்கிருப்பவர்கள் ‘அப்பாவி’ என்ற சொல்லுக்குள் அடங்காதவர்கள் என்பது அதற்கு ஒரு காரணம்.

5

பெயர்ச்சொல்லைக் கொண்டு ஆளும் வித்தை நம் பகுதிக்குப் புதிதல்ல. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். ராத்திரியானால் கச்சேரிக்குப் போய்ப் படுக்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போனால் சீட்டு வாங்க வேண்டும். பிறமலைக் கள்ளர்கள்மீது அது பாய்ந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். பிறகு ஆப்பநாட்டு மறவர்கள்மீதும் அச்சட்டம் பாய்ந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல் பிரிக்கப்பட்டது அந்தப் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்துதான்.

அந்தச் சட்டத்துக்குள்ளும் விலக்கு இருந்தது. நன்னடத்தை காட்டியவர்களுக்கு, ‘நல்லவர்’ என்று பேர் எடுத்தவர்களுக்கு ரேகையிலிருந்து தப்பிக்க வழி இருந்தது. ஒருவர் விலக்குப் பெறும்போதெல்லாம் பட்டியல் மேலும் நியாயமாகத் தெரியும். ‘பார்த்தீங்களா, நல்லவங்களை விட்டுட்டோம். மிச்சம் இருக்கறவன் களவாணிதான்.’ இதை முடிவுக்குக் கொண்டு வந்தது எது? ஒவ்வொரு ஆளும் தான் திருடன் இல்லை என்று நிரூபித்ததா? இல்லை. ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்ததும், சட்டத்தையே நீக்கு என்று நடந்த போராட்டங்களும்தான். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போயிற்று, நாடு முழுக்க 1952இல் போயிற்று. அது போன இடத்தில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது என்பது தனிக் கதை. குற்றப் பரம்பரை என்ற குறிப்பு சிறைக் கையேடுகளில் எஞ்சியிருந்ததை நீக்கச் சொல்ல, உச்ச நீதிமன்றத்துக்கு 2024 அக்டோபர் வரை ஆயிற்று.

வருத்தம் என்னவென்றால், ரேகையின் நினைவு இங்கே சாதிப் பெருமையின் மேடைகளில் மாலை போடப்பட்டு நிற்கிறது. ஒரு கூட்டத்தில் பிறந்தாலே குற்றவாளி என்கிற தர்க்கத்துக்கு எதிரான நினைவாக அது வளரவில்லை. பட்டியலில் இருந்தவரின் பேரன் பட்டியலுக்கு எதிரானவராக இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

6

அதை இன்று சோதித்துப் பார்க்கச் சிவகாசி வட்டாரமே போதும். அச்சாபீஸ்களிலும் பட்டாசு ஆலைகளிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்து ஆட்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மூரில் ஒரே பெயர்: ‘வடக்கன்’. 2012 பிப்ரவரி 23 அதிகாலை சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதன்பிறகு வடமாநிலத்தவர் எல்லோருடைய பெயரையும் போட்டோவையும் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்கிற பேச்சு தமிழகம் முழுக்க எழுந்தது. ஊரில் ஒரு களவு போனால் கை நீளும் திசை எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே ஆட்கள் வேறொரு பட்டியலில் காணாமல் போவதைப் பாருங்கள். உள்குத்தகைக்கு விட்ட ஆலைகளில் மருந்துக் கலவை தீப்பற்றி ரூம் வெடிக்கும்போது, உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் வேலையாள் பதிவேட்டில் இருக்கிறார்கள்? 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது உள்குத்தகை பற்றிய பேச்சுத்தான் முன்னால் வந்தது. செத்தவர்கள் அநேகமாக உள்ளூர்க்காரர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிவேடு ஏழையை எப்போது ‘உறுப்பினர்’ ஆக்குகிறது, எப்போது ஆக்க மறுக்கிறது? நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருந்தால் அவர் எந்தக் கணக்கிலும் இல்லை. சந்தேகப்பட வேண்டியிருந்தால் போட்டோவோடு இருக்கிறார். குல்லூர்சந்தை முகாமின் செக்கிங் வரிசையும் ஆலையின் வருகைப் பதிவேடும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவை.

வெனிசுவேலர்கள் விஷயத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று ஒன்று சொன்னது: இந்தச் சட்டத்தின்கீழ் வெளியேற்றுவதானால் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், எதிர்த்து வாதாட வாய்ப்புத் தர வேண்டும். கும்பல்காரரா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. யார் கேட்கிறார்கள், எப்போது, மறுக்க வழி உண்டா என்ற இடத்தில் நின்றது. நம் மனுக்களும் துண்டறிக்கைகளும் நிற்க வேண்டிய இடமும் அதுதான் என்று நினைக்கிறேன். ‘இவர் புலி இல்லை, வங்கதேசி இல்லை, கொள்ளைக்காரர் இல்லை’ என்று எழுதத் தொடங்கும்போதே பேனாவை நிறுத்திக்கொள்ள வேண்டும். என்ன செய்தார் என்கிறீர்கள்? என்றைக்கு? சொன்னது யார்? அந்தத் தாள் எங்கே, எந்த மொழியில் இருக்கிறது? அதை அவருக்கு யார் வாசித்துக் காட்டினார்கள்? இவ்வளவுதான் கேட்க வேண்டும். ஆளின் நற்குணத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது நம் வேலையாக இருக்க வேண்டியதில்லை.

1946இன் அந்நியர் சட்டம் போய், குடியேற்றம் மற்றும் அந்நியர் சட்டம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜனவரி 9க்கு முன்பு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் விலக்கு என்ற சொல்லை நம் பகுதி ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறது. ஒரு தேதிக்குப் பிறகு கரையேறியவர், பதிவு இல்லாதவர், திருச்சி முகாமுக்குள் இருப்பவர் – இவர்களைப் பற்றி எழுத ‘அப்பாவி’ உதவாது. வேறு சொல் வேண்டும்.